என்பிடெல் பாடத்தை வகுப்போடு சேர்த்துப் படிப்பது: எது பலன் தருகிறது, எங்கே சறுக்குகிறது

ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடத்தை எடுக்கும் மாணவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய எண் 75-க்கு 30. தேர்வு மையத்தில் உட்கார்ந்து எழுதும் தேர்வில் இந்த 30 வராவிட்டால், மீதி 25 மதிப்பெண்ணுக்கான வாராந்திர அசைன்மென்ட்டில் எவ்வளவு எடுத்திருந்தாலும் சான்றிதழ் கிடையாது. அசைன்மென்ட்டில் 24, தேர்வில் 29 எடுத்தவருக்கு மொத்தம் 53. அவருக்குச் சான்றிதழ் இல்லை. அசைன்மென்ட்டில் 12, தேர்வில் 31 எடுத்தவருக்கு மொத்தம் 43, அவருக்கு உண்டு. பாதி இணையத்தில், பாதி நேரில் என்று படிக்கும் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது. இணையப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கி, நேரில் எழுதும் பகுதியில் விழுகிறார்கள். இந்தச் சேவையை நாம் எடைபோட வேண்டிய இடமும் அதுதான்.

சேவை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் என்பிடெல். முதலில் வீடியோக்களை மட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள். வாரக் கணக்கில் நடத்தி, தேர்வு வைத்து, சான்றிதழ் தருவது பிறகு வந்தது. 2017 ஜூலையில் மத்திய அரசின் ஸ்வயம் தளம் தொடங்கியதும் அதற்குள் இதுவும் ஓர் அங்கமானது. பாடங்கள் 4, 8, 12 வாரம் என மூன்று அளவில் வரும்; வழக்கமாக 1, 2, 3 கிரெடிட். ஜனவரியில் ஒரு சுற்று, ஜூலையில் ஒரு சுற்று. சேர்வதும் படிப்பதும் இலவசம். தேர்வு எழுத ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றைத் தேர்வுப் பதிவின்போதே பதிவேற்ற வேண்டும்.

கல்லூரிகள் இதை விருப்பப் பாடத்துக்கு ஈடாக ஏற்கும்போதுதான் இது கலப்புக் கற்றல் ஆகிறது. இங்கே இரண்டு 40 சதவீதங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 ஸ்வயம் விதிமுறை, ஒரு செமஸ்டரில் உள்ள மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்கலாம் என்கிறது; 2016 விதிமுறையில் இது 20 சதவீதமாக இருந்தது. அதே 2021 மே மாதம் வெளியான கலப்புக் கற்றல் கருத்துக் குறிப்பு சொல்வது வேறு. ஸ்வயம் அல்லாத ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் வரை இணையத்திலும் மீதியை நேரிலும் நடத்தலாம் என்பது அது. உங்கள் துறையில் எந்த விதியின் கீழ் அனுமதி கொடுத்திருக்கிறார்கள், அந்தப் பாடத்தின் குறியீடு துறையின் ஒப்புதல் பட்டியலில் இருக்கிறதா என்று தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடித்த பிறகு கேட்டால் கிரெடிட் ஏறாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

வீடியோ

பாடத்தின் தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. துறையில் கரைகண்டவர்கள் நடத்துகிறார்கள். அடிப்படையை அவசரமில்லாமல் கட்டி எழுப்புகிறார்கள். இதையெல்லாம் நாட்டின் எந்த மூலையில் இருக்கும் மாணவரும் பைசா செலவில்லாமல் பார்க்கலாம் என்பது உண்மையிலேயே பெரிய கொடை. ஆனால் எல்லாப் பாடமும் ஒரே வார்ப்பு இல்லை. பழைய பதிவுகள் கரும்பலகை முன்னால் நின்று ஒரு மணி நேரம் எடுத்த வகுப்புகள். புதியவை பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடத் துண்டுகள். வகுப்போடு சேர்த்து நடத்துவதற்குத் துண்டு வீடியோதான் வசதி. "மூன்றாவது வீடியோவில் நான்காவது நிமிடம்" என்று சொன்னால் வகுப்பு முழுதும் ஒரே இடத்துக்கு வந்துவிடும். ஒரு மணி நேர வீடியோவில் அது நடப்பதில்லை. எனவே ஒரே தலைப்பில் இரண்டு பாடங்கள் இருந்தால், பேராசிரியரின் பெயரை மட்டும் பார்க்காமல் முதல் வாரத்து வீடியோக்களைத் திறந்து நீளத்தைப் பாருங்கள். முந்தைய சுற்றுகளின் வீடியோக்கள் யூடியூபிலேயே கிடக்கும்.

12 வாரப் பாடம் என்றால் ஏறத்தாழ 30 மணி நேரம், வாரத்துக்கு இரண்டரை மணி. மாணவர்கள் இந்த இரண்டரையை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு பாடத்தில் சேர்கிறார்கள். குறிப்பெடுக்க நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அது நாலு மணி ஆகும். அசைன்மென்ட்டை நேர்மையாகப் போட ஒரு மணி. வகுப்பில் விவாதிக்க ஒரு பீரியட். மொத்தம் ஆறு மணிக்குக் குறையாது. ஏற்கெனவே ஐந்தாறு தாள்களும் லேபும் ஓடும் செமஸ்டரில் ஒரே நேரத்தில் இரண்டு 12 வாரப் பாடம் எடுப்பது வேண்டாம். ஒன்று போதும்.

டேட்டா பெரிய தடையில்லை. 360பி தரத்தில் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 300 எம்பி, வாரத்துக்கு 750 எம்பி அளவில் போகும். கரும்பலகை எழுத்தும் படிக்கிற அளவுக்குத் தெரியும். உண்மையான தடை சிக்னல். விடுதியில் இரவு 9 மணிக்கு மேல் எல்லோரும் ஒரே வைஃபையில் ஏறினால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். காலையிலோ கல்லூரி நூலகத்திலோ அந்த வாரத்து வீடியோக்களை யூடியூப் செயலியில் ஆஃப்லைனுக்கு இறக்கி வைத்துக்கொள்வது எளிய தீர்வு. பல பாடங்களுக்கு விரிவுரையின் எழுத்து வடிவம் பிடிஎஃப் ஆகவே கிடைக்கிறது, அதையும் இறக்கிவிடுங்கள்.

தமிழ்வழியில் வந்த மாணவருக்கு

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த மாணவருக்கு இரண்டு சுவர் இருக்கிறது. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று உச்சரிப்பு. வங்காளத்திலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ வந்த பேராசிரியரின் ஆங்கிலம் காதுக்குப் பழக இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரத்தில்தான் "இது நமக்கு ஒத்துவராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களிடம் "திரும்பத் திரும்பப் பார்" என்று சொல்வது பயன்படாது. வரிசையை மாற்ற வேண்டும்.

முதலில் எழுத்து வடிவத்தை எடுத்து, வீடியோ பார்க்கும் முன்பே ஒருமுறை ஓட்டிப் படித்து, புரியாத கலைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடட்டும். வாரத்துக்கு 15 சொல் தேறும். நோட்டில் இரண்டு பத்தியாக, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தன் சொந்தத் தமிழில் ஒரு வரி விளக்கம். அகராதிப் பொருளை நகலெடுத்தால் அது மனத்தில் நிற்காது. அதன்பிறகு வசன வரியை ஓடவிட்டு, சாதாரண வேகத்தில் வீடியோ. நண்பர்கள் 1.5 வேகத்தில் பார்க்கிறார்கள் என்று இவரும் வேகம் கூட்டத் தேவையில்லை. நான்காவது வாரத்துக்குள் எழுத்து வடிவம் இல்லாமலே பின்தொடர முடியும். சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உரை கிடைக்கிறது. கருத்தைப் பிடிக்க அது உதவும். தேர்வுத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ் உரையை மட்டும் நம்பியிருப்பதும் சரியாகாது. வகுப்பில் தமிழில் விவாதியுங்கள், எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆசிரியர்கள் வகுப்பில் தமிழைத் தடுக்காமல் இருந்தாலே கேள்வி கேட்பவர்களின் எண்ணிக்கை கூடும்.

அசைன்மென்ட்

வாரம் ஒன்று, பெரும்பாலும் பத்து கேள்வி, கொள்குறி வகை. கடைசி நேரம் வழக்கமாகப் புதன்கிழமை இரவு 11:59. அதற்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். கடைசியாக அனுப்பியதுதான் கணக்கு. எனவே பாதி தெரிந்தவுடனே ஒருமுறை அனுப்பி வைத்துவிட்டு, பிறகு திருத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். புதன் இரவு 11:50-க்குத் திறந்து, தளம் மெதுவாகி, ஒரு வாரத்தை இழப்பவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிறார்கள். நேரம் தாண்டினால் திறக்காது.

12 வாரத்தில் சிறந்த 8 மட்டும் எடுத்துக்கொள்ளப்படும்; 8 வாரப் பாடத்தில் 6, 4 வாரப் பாடத்தில் 3. ஆக நாலு வாரம் தவறினாலும் மதிப்பெண் குறையாது. இந்தச் சலுகையைப் பலர் தப்பாகச் செலவழிக்கிறார்கள். ஆரம்பத்தில் சோம்பலால் இரண்டு, இன்டர்னல் தேர்வு வாரங்களில் இரண்டு என்று விட்டு, கடைசியில் உண்மையாகவே உடம்பு சரியில்லாதபோது கையில் எதுவும் மீதி இருக்காது. முதல் நாலு வாரத்தை விடவே கூடாது. அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. அசைன்மென்ட்டை விட நேர்ந்தாலும் அந்த வாரத்து வீடியோவை விடாதீர்கள். விட்டுப்போன வாரத்திலிருந்தும் தேர்வில் கேள்வி வரும்.

இந்தச் சேவையின் பலவீனமான மூட்டு இங்கேதான் இருக்கிறது. கொள்குறிக் கேள்வி, வீட்டில் எழுதுவது, ஒரு வார அவகாசம். விடைகள் வாட்ஸ்அப் குழுவிலும் யூடியூப் சேனல்களிலும் புதன் மாலைக்குள் வந்துவிடுகின்றன. 60 பேர் கொண்ட வகுப்பில் 60 பேரும் நூற்றுக்கு நூறு என்று காட்டும். நகலெடுத்தவருக்கு அந்த நேரத்தில் எந்த இழப்பும் தெரியாது. இழப்பு தெரிவது தேர்வறையில்.

ஓர் எடுத்துக்காட்டு. தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் வரும் சாதாரணக் கேள்வி: வரிசைப்படுத்திய 1,000 எண்களில் ஒன்றைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடும் முறையில் தேடினால் அதிகபட்சம் எத்தனை ஒப்பீடு தேவை? விடை 10. நகலெடுத்தவர் மனத்தில் "10" என்ற எண் மட்டும் இருக்கும். தேர்வில் ஆயிரத்துக்குப் பதில் ஒரு லட்சம் என்று மாற்றிவிட்டால் அவர் நூறு மடங்கு கூட்டிப் பார்ப்பார், அல்லது ஊகிப்பார். விடை 17. ஒவ்வொரு முறையும் பாதி கழிகிறது, பட்டியல் இரட்டிப்பானால் ஒரே ஒரு ஒப்பீடுதான் கூடும் என்று தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு இது 30 வினாடி வேலை. தேர்வின் 30 மதிப்பெண் இந்த வகைக் கேள்விகளில்தான் ஒளிந்திருக்கிறது.

அசைன்மென்ட்டில் 24 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60-ஐத் தொட்டு எலைட் என்ற தரச் சான்றிதழ் வாங்கத் தேர்வில் 36 வேண்டும், அதாவது 48 சதவீதம். 75-ஐத் தொட்டு வெள்ளி வாங்க 51. 90-ஐத் தொட்டுத் தங்கம் வாங்க 66, அதாவது 88 சதவீதம். இந்த மூன்று எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்த மாணவருக்கு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே தெரியும்.

கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்

ஸ்வயத்தின் வடிவமைப்பில் வீடியோ, படிக்கும் பொருள், சுய சோதனை, விவாத மேடை என நாலு பகுதி உண்டு. நான்காவதுதான் இளைத்துப்போனது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த பாடத்தில் விவாத மேடையில் "சான்றிதழ் எப்போது வரும்", "அசைன்மென்ட் தேதியை நீட்டுங்கள்" என்ற அஞ்சல்களே நிரம்பி வழிகின்றன. பாடக் கேள்வி நடுவில் தொலைந்துபோகிறது. அஞ்சல் தொல்லை தாங்காமல் மாணவர் மொத்தமாக நிறுத்திவிடுவார். அதோடு பேராசிரியரின் அறிவிப்புகளும் கண்ணில் படாமல் போகும். நாளுக்கு ஒரே தொகுப்பாக வரும்படி அஞ்சல் அமைப்பை மாற்றினால் போதும், நிறுத்த வேண்டியதில்லை. கேள்வி கேட்கும்போது வாரம், வீடியோ எண், நிமிடம், நீங்கள் போட்டுப் பார்த்த வரி, எங்கே நின்றுபோனது என்ற ஐந்தையும் எழுதினால் உதவி ஆசிரியர்கள் பதில் தருகிறார்கள். "புரியவில்லை ஐயா" என்பதற்குப் பதில் வராததில் வியப்பில்லை.

பலருக்கும் தெரியாத ஒன்று: சில பாடங்களுக்குப் பிரதமர் ஆய்வு உதவித்தொகை பெறும் ஐஐடி ஆய்வு மாணவர்கள் வாரந்தோறும் நேரலையில் கணக்குப் போட்டுக் காட்டும் வகுப்பு நடத்துகிறார்கள். கட்டணமில்லை. உங்கள் பாடத்துக்கு அது இருக்கிறதா என்று அறிவிப்புப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். இருந்தால் அதை விடவே விடாதீர்கள்.

கல்லூரி கொடுக்க வேண்டிய அந்த ஒரு பீரியட்

என்பிடெல் தருவது இணையப் பாதி. நேரில் நடக்கும் பாதியைக் கல்லூரிதான் கட்ட வேண்டும். நம் கல்லூரிகளில் நடப்பதைப் பார்த்தால், பெரும்பாலும் இந்தப் பாதிக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்டை ஒதுக்கி, "என்பிடெல் ஹவர்" என்று கால அட்டவணையில் எழுதி, மாணவர்களைக் கணினி அறையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். இன்னும் சில இடங்களில் ஸ்மார்ட் கிளாஸ் திரையில் வீடியோவையே ஓடவிடுகிறார்கள். வீட்டில் தனியாகப் பார்க்கக்கூடியதை 60 பேரைக் கூட்டி வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அதைவிடக் கெடுதல், ஆசிரியர் அதே பாடத்தைத் திரும்ப நடத்துவது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் சார் எப்படியும் நடத்துவார் என்று தெரிந்த மறுவாரமே மாணவர் வீடியோ பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

பலன் தரும் அமைப்பு இப்படி இருக்கும். நாள் வியாழக்கிழமை. முந்தைய நாள் இரவோடு அசைன்மென்ட் முடிந்துவிட்டதால், விடையை வெளிப்படையாகப் பேசலாம், ஏமாற்று ஆகாது. புது வாரத்துப் பாடமும் அப்போது கையில் இருக்கும். 50 நிமிடத்தில் முதல் 10 நிமிடம் ஒரு கால் தாளில் இரண்டே கேள்வி, கைபேசி பைக்குள். இரண்டும் முடிந்த அசைன்மென்ட்டில் வந்த கேள்விகளின் மாற்று வடிவம்: எண் மாறியிருக்கும், அல்லது "ஏன்" என்று ஒரு வரி கேட்டிருக்கும். மேலே சொன்ன தேடல் கணக்கில், "பட்டியல் வரிசையில் இல்லாவிட்டால் இதே முறை என்ன ஆகும்?" என்று கேட்டாலே போதும். நகலெடுத்தவரும் போட்டவரும் பிரிந்துவிடுவார்கள்.

அடுத்த 25 நிமிடம் நாலு நாலு பேராக. தாளைப் பக்கத்துக் குழுவிடம் மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல்லி, விடை வேறுபடும் இடத்தில் சண்டை போடட்டும். 60 பேருக்கு 15 குழு. ஓர் ஆசிரியரால் எல்லாக் குழுவையும் சுற்ற முடியாது. முந்தைய ஆண்டு அதே பாடத்தில் வெள்ளியோ தங்கமோ வாங்கிய இரண்டு சீனியர்களை உடன் வைத்துக்கொள்ளலாம். அண்ணனிடமும் அக்காவிடமும் கேட்கக் கூசாத கேள்வியை ஆசிரியரிடம் கேட்கக் கூசுவார்கள் என்பதால், இதில் ஆள் பற்றாக்குறையைத் தாண்டிய நன்மையும் இருக்கிறது.

பிறகு 10 நிமிடம் ஆசிரியருடையது. அதிகம் பேர் தவறிய ஒரே ஓர் இடத்தை மட்டும் கரும்பலகையில். இரண்டு இடம் எடுத்தால் நேரம் போதாது, மறுபடி விரிவுரை ஆகிவிடும். கடைசி 5 நிமிடம் வரும் வாரத்துக்கான கேள்வி ஒன்றைக் கொடுத்து அனுப்புவது. "நாலாவது வீடியோவில் இரண்டு முறைகளை ஒப்பிடுகிறார், எப்போது மெதுவான முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்?" என்பது போல. தேட ஒன்று இருந்தால்தான் மாணவர் வீடியோவைக் கவனமாகப் பார்ப்பார்.

மதிப்பெண்ணை எங்கே வைக்கிறோம் என்பதும் மாணவரின் நடத்தையைத் தீர்மானிக்கும். தளத்தில் காட்டும் அசைன்மென்ட் மதிப்பெண்ணை அப்படியே இன்டர்னலில் சேர்த்தால், நகலெடுப்பதற்குக் கல்லூரியே பரிசு கொடுத்த மாதிரி. வியாழக்கிழமைக் கால் தாளுக்கு மதிப்பெண் கொடுங்கள். அதிலும் 12-இல் சிறந்த 8 என்று வைத்தால், ஒரு வாரம் வர முடியாத மாணவர் பயந்து மொத்தமாக விலகமாட்டார். நாலாவது வாரத்தை ஒட்டி முதல் இன்டர்னல் தேர்வு வரும். வருகை சரிவது அப்போதுதான். அந்த வாரம் புதுக் கேள்வி கொடுக்காமல், முந்தைய மூன்று வாரத்துத் தவறுகளை மட்டும் திரும்பப் போட வைத்தால் சரிவைத் தாங்கலாம்.

மாணவர்களுக்கு வழிகாட்டும் மென்டாராக இருக்கும் ஆசிரியருக்குத் தளத்தில் தன் மாணவர்களின் அசைன்மென்ட் மதிப்பெண் தெரியும். படித்தாரா என்பதற்கு அது சான்றில்லை. ஒன்றுக்கு மட்டும் அது உறுதியாகப் பயன்படும்: இரண்டு வாரம் தொடர்ந்து எதுவும் அனுப்பாதவரைக் கண்டுபிடிக்க. அந்தப் பட்டியலை வெள்ளிக்கிழமை காலை எடுத்து, குழுவில் பெயர் போட்டுத் திட்டாமல், தனியாக அழைத்து இரண்டு நிமிடம் பேசினால் பலர் திரும்ப வருகிறார்கள். காரணம் அநேகமாகச் சின்னதாக இருக்கும்: கைபேசி பழுது, கடவுச்சொல் மறந்தது, முதல் வாரம் புரியாமல் போனது. மூன்றாவது வாரம் தாண்டினால் அதே மாணவரை மீட்பது மிகக் கடினம்.

பதிவில் நடக்கும் விபத்துகள்

பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. இரண்டும் ஒன்றென்று நினைத்து, 12 வாரமும் படித்து, தேர்வுப் பதிவின் கடைசித் தேதியைத் தவறவிடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்க வேண்டும். சேரும்போது சொந்த ஜிமெயில், தேர்வுக்குக் கல்லூரி அஞ்சல் என்று கொடுத்தால் அசைன்மென்ட் மதிப்பெண் தேர்வோடு இணையாது. பெயரும் முதலெழுத்தும் சான்றிதழில் எப்படி வர வேண்டுமோ அப்படியே பதிவுப் படிவத்தில் இருக்க வேண்டும். சுயவிவரத்தில் லோக்கல் சாப்டராக, அதாவது என்பிடெல்லோடு இணைந்த கல்லூரியாக, உங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஸ்பாக் என்று அழைக்கப்படும் ஒருங்கிணைப்பாளருக்கும் மென்டாருக்கும் உங்கள் பெயரே தெரியாது. முதல் வாரத்து வியாழக்கிழமை பீரியட்டில் பத்து நிமிடம் ஒதுக்கி, எல்லோரும் கைபேசியை எடுத்து இந்த நாலையும் ஒரே நேரத்தில் சரிபார்த்துவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

தேர்வுத் தேதி பாடம் தொடங்கும் முன்பே அறிவிக்கப்படும். ஜனவரிச் சுற்றின் 12 வாரப் பாடத்துக்குப் பெரும்பாலும் ஏப்ரல் பிற்பாதி, ஜூலைச் சுற்றுக்கு அக்டோபர் இறுதி அல்லது நவம்பர் தொடக்கம். செய்முறைத் தேர்வுகளும் புராஜெக்ட் ரிவியூவும் குவியும் நேரம் அது. தேதியைத் துறைத் தலைவரிடம் முன்பே கொடுத்து, அந்த வார இறுதியில் எதுவும் வைக்காமல் பார்த்துக்கொள்வது ஒருங்கிணைப்பாளரின் வேலை. தேர்வு மூன்று மணி நேரம், கணினியில். அச்சிட்ட ஹால் டிக்கெட்டும் அசல் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

கணிதம், நிரலாக்கம், இயந்திரக் கற்றல், கட்டமைப்புப் பகுப்பாய்வு போன்ற தாளில் போட்டுப் பழகும் பாடங்களுக்கு இந்த அமைப்பு மிக நன்றாகப் பொருந்துகிறது. நிரலாக்கப் பாடங்களில் எழுதிய நிரலை இயந்திரமே சோதித்துத் தவறைக் காட்டும். கொள்குறிக் கேள்வியைவிட அது பல மடங்கு மேல். கையால் செய்து பழகும் பாடங்களுக்கு, உதாரணமாக வெல்டிங், மின்சுற்று அளவீடு, மண் பரிசோதனை, வீடியோ மட்டும் போதாது. அந்த வாரத்து லேபோடு தலைப்பைப் பொருத்தி வைத்தால்தான் பயன். மதிப்பெண் எளிதாக வரும் என்பதற்காக மட்டும் பொதுத்திறன் பாடங்களை எடுப்பது வருத்தத்துக்குரியது. அதே 12 வாரத்தில், கல்லூரியில் நடத்த ஆளில்லாத ஒரு நல்ல எலக்டிவைப் படித்திருக்கலாம். என்பிடெல்லின் உண்மையான பெறுமதியே அதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் ஓர் அளவுகோலும் இருக்கிறது. சென்னை ஐஐடி நடத்தும் இணையவழி பி.எஸ். தரவு அறிவியல் படிப்பிலும் வீடியோவும் வாராந்திர அசைன்மென்ட்டும்தான். ஆனால் நேரலை வகுப்புகள் கூடவே ஓடும். இறுதித் தேர்வுக்கு முன்பே நேரில் எழுதும் வினாத்தேர்வுகளும் உண்டு. எனவே தனக்குப் புரியவில்லை என்பது மாணவருக்கு நடுவழியிலேயே தெரிந்துவிடும், திருத்திக்கொள்ள வாரங்கள் மிச்சம் இருக்கும். என்பிடெல்லில் அந்த உண்மை கடைசி நாளில்தான் தெரிகிறது. ஆறாவது வார முடிவில் ஒரே ஒரு முறை, கல்லூரி அளவிலாவது, கண்காணிப்போடு ஒரு மணி நேரத் தேர்வு வைத்தால் இந்தக் குறையில் பாதி தீரும். கல்லூரிகள் இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

பாடத்தின் தரத்துக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். தனியாகப் படிக்கும் மாணவரைக் கடைசி வரை பிடித்து வைத்திருக்கும் திறனுக்கு இரண்டரைக்கு மேல் கொடுக்க முடியாது. வியாழக்கிழமை பீரியட்டை ஒழுங்காக நடத்தும் கல்லூரியில் அது நாலாகும்.

அப்படி ஒரு பீரியட் கொடுக்காத கல்லூரியில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம். அதே பாடத்தை எடுத்த நாலு பேர் போதும். செவ்வாய்க்கிழமைக்குள் அவரவர் வீடியோவை முடித்து அசைன்மென்ட்டைத் தனியாக அனுப்பிவிடுங்கள்; விடையைப் பகிர்வதில்லை என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். வியாழன் மாலை ஒரு மணி நேரம் காலி வகுப்பறையிலோ மெஸ் மேசையிலோ கூடி, ஒவ்வொருவரும் அசைன்மென்ட் கேள்வி இரண்டை மாற்றி எழுதிக் கொண்டுவந்தால் எட்டுக் கேள்வி சேரும். அவற்றை மற்ற மூவரும் புத்தகமில்லாமல் போட வேண்டும். யாராலும் முடியாத கேள்வியை மட்டும் விவாத மேடைக்கு அனுப்புங்கள், அல்லது மறுநாள் துறையில் அந்தப் பாடம் தெரிந்த ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். 12 வாரத்தில் 96 கேள்வி சேர்ந்திருக்கும். தேர்வுக்கு முந்தைய வாரம் திருப்பிப் பார்க்க அந்த நோட்டு ஒன்றே போதும்.